பாகில் சாகாத ஈஸ்ட்

அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. யஸ்வந்த் ஒன்றை மட்டும் காட்டி உட்காரச் சொன்னான்.

அம்சவேணி உட்கார்ந்தாள். அவளோடு வந்த உதவியாளர் வேதாச்சலம் நின்றார். அரசு பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். நிற்பது அவருக்குக் கஷ்டமில்லை. நிற்க வைத்தவன் முகத்தை மட்டும் மறக்கமாட்டார்.

"டிடெக்டிவ்னா ஆம்பளை வருவாங்கன்னு நெனச்சேன்" என்றான் யஸ்வந்த்.

"ஃபோன்ல நான்தான் பேசினேன். அப்பவே நெனப்ப மாத்திக்கினு இருக்கலாம்" என்றாள் அம்சவேணி.

சித்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருந்தது அந்தச் சாராய ஆலை. அமெரிக்காவில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த யஸ்வந்த், எட்டு மாதம் முன்பு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், ஆலைக்கு 'நீவா ஃப்யூயல்ஸ்' என்று பெயர் மாற்றியது. 2003ஆம் வருஷம் அது. பெட்ரோலில் நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலக்கவேண்டும் என்று டெல்லியில் முடிவானதிலிருந்து, நேற்றுவரை பிராந்திக்கு ஸ்பிரிட் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களெல்லாம் தேசத்தைக் காப்பாற்றப் பிறந்தவர்கள் மாதிரி பேச ஆரம்பித்திருந்தார்கள். யஸ்வந்த் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் உரக்கப் பேசுகிறவன்.

திருப்பதி கலால் துறைப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் அம்சவேணி. சாராயக்காரர்கள் பேசுவதில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது அவளுக்குக் கேட்கும்போதே தெரிந்துவிடும்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க" என்றான் யஸ்வந்த்.

சோபாவில் சாய்ந்திருந்த டாக்டர் சிரஞ்சீவி தொண்டையைச் செருமினார். ஆலையின் ஆராய்ச்சித் தலைவர். ஐம்பது வயது. ஏ.சி. அறையிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை.

"கரும்புலேர்ந்து சக்கரை எடுத்தப்புறம் மிஞ்சற கறுப்புப் பாகு இருக்கே, மொலாசஸ், அதுலதான் நாங்க ஈஸ்ட்டை விட்டு எத்தனால் எடுக்கறோம். பாகு கெட்டியா இருந்தா சாதா ஈஸ்ட் உயிரோட இருக்காது. அது ஒடம்புல இருக்கிற தண்ணியப் பாகு உறிஞ்சிடும். உப்புல போட்ட மாங்கா மாதிரி சுருங்கிச் செத்துடும். அதனால எல்லா ஆலையிலயும் மூணு பங்கு, நாலு பங்கு தண்ணி ஊத்தறாங்க. அப்புறம் அத்தனை தண்ணியையும் காய்ச்சிப் பிரிக்கணும். மிஞ்சற கழிவுத் தண்ணிய எங்க கொட்டறதுன்னு தெரியாம முழிக்கணும். நான் கண்டுபிடிச்ச ஈஸ்ட் கெட்டிப் பாகுலயே நீச்சலடிக்கும்."

"அதுக்குப் பேரு?"

"சி.ஹெச். ஏழு. சிரஞ்சீவி ஏழு."

"முன்னாடி ஆறும் எங்க சார்?" என்றார் வேதாச்சலம்.

"என்னது?"

"ஏழுன்னா ஆறு இருந்திருக்கணுமே. டிக்கெட் புக்குல நாங்க நெம்பர் தாண்டமாட்டோம்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஃபேன் காற்றில் படபடக்கும் காலண்டரைப் பார்ப்பது போல அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துவிட்டு, மேலே பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அந்த ஈஸ்ட் இருந்த மூன்று டெஸ்ட் ட்யூப்களையும் காணவில்லை. அன்றிலிருந்து லேபில் வேலை செய்யும் தமிழரசுவையும் காணவில்லை.

"நகரி பக்கத்துல பார்டர் ஊர்க்காரன்" என்றான் யஸ்வந்த். "அப்பன் காலத்துல ஒரு குழி நெலம் கெடையாது. பி.எஸ்ஸி. படிச்சிட்டானேன்னு பாவம் பாத்து உள்ள விட்டோம். புத்தி எங்க போவும்?"

அம்சவேணி புத்தூர் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு நாலு ஏக்கர் கரும்பு. இதே வாக்கியத்தை இதே இளிப்போடு தன் சொந்தச் சித்தப்பாக்கள் வாயிலிருந்தும் அவள் கேட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வருஷமாகிறது.

"போலீஸ்ல சொல்லலியா?"

"வியாழக்கிழமை புனேலேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க வராங்க. எட்டு ஆலைக்கு இந்த ஈஸ்ட்டை எடுக்கப்போறாங்க. திருட்டுன்னு வெளிய தெரிஞ்சா வரவே மாட்டாங்க. இன்னிக்கு செவ்வாய். நாளைக்குள்ள ட்யூப் என் டேபிளுக்கு வரணும். வரலேன்னா போலீஸ்தான். அவன் கெடைக்கலேன்னா அவங்க ஆத்தா பேர்ல கம்ப்ளெய்ன்ட். லேப் கூட்டறது அவதான்."

உள்ளே வரும்போது வாசலில் பார்த்த பெண்ணை அம்சவேணி நினைத்துக்கொண்டாள். செக்யூரிட்டி கூண்டின் ஓரம் வெறும் சிமெண்டுத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையும் கிடையாது, வீட்டுக்கும் போகக்கூடாது. நாலு நாளாகக் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். பெயர் செல்லியம்மா. மகனின் பெயரைக் கேட்டபோது நிமிர்ந்து பார்த்து, "அவன் எடுக்கல" என்று மட்டும் சொன்னாள்.

லேபைப் பார்க்கவேண்டும் என்றாள் அம்சவேணி. டாக்டர் அழைத்துப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். நாலு தட்டு நிறைய ட்யூப்கள், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைப் பஞ்சு அடைத்திருந்தது. மூன்றாம் தட்டில் மூன்று ஓட்டைகள் காலியாக இருந்தன.

"கெடைச்சா குலுக்காம எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர். "வெயில் படக்கூடாது. முக்கியமா அந்த ரப்பர் மூடியத் தொறந்துடாதீங்க. காத்து பட்டா கண்ட கிருமியும் புகுந்துடும்."

"சரி" என்றாள் அம்சவேணி. ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

தமிழரசுவின் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகமும் தேய்ந்த பென்சிலும் கிடந்தன. நோட்டில் பக்க அடையாளத்துக்குச் சில பஸ் டிக்கெட்டுகளைச் செருகியிருந்தான். வேதாச்சலம் அவற்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய காதல் கடிதத்தைப் பார்ப்பவர் போல அவர் முகம் கனிந்தது.

"சித்தூர்லேர்ந்து திருப்பதி. அங்கேர்ந்து டவுன் பஸ்ஸுல அலிபிரி. மூணு தபா போயிருக்கான். ஒவ்வொரு தபாவும் கூடவே லக்கேஜ் டிக்கெட்டு."

"அதுல இன்னா இருக்குது?"

"மேடம், மூட்டை முடிச்சுக்கெல்லாம் நாங்க லக்கேஜ் போடமாட்டோம். கேட்டா சண்டைக்கு வருவாங்க, யாரு பேசிக்கினு நிக்கிறது? ஆனா ஒழுகற சாமான் ஏத்தினா விடமாட்டோம். பஸ்ஸுத் தரையை நாங்கதான கழுவறது? இவன் ஒழுகற எதையோ மூணு தபா அலிபிரிக்கு எடுத்துக்கினு போயிருக்கான்."

"இந்த ஆலையில ஒழுகறதுக்கு இன்னா இருக்குது?"

வேதாச்சலம் தன் செருப்பைத் தூக்கிக் காட்டினார். அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று மொலாசஸ் அப்பியிருந்தது.

அலிபிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்று. திருமலைக்கு ஏறும் படி தொடங்கும் இடத்தில் கற்பூரத்துக்கும் மொட்டைத் தலைக்கான குல்லாய்க்கும் பேரம் நடந்துகொண்டிருந்தது. வேதாச்சலம் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"தமிழரசுன்னு யாரையாச்சும் தெரியுமான்னு கேக்கட்டுமா?"

"கேட்டா அவன் ஓடிடுவான். தித்திப்பு எங்க ஒழுகிச்சோ அங்க யாரு வருவாங்களோ அவங்களக் கேப்போம்."

"யாரு?"

"தேனீங்க."

சாலையோரம் மூன்று கரும்புச் சாறு வண்டிகள் நின்றன. முதல் இரண்டு வண்டிகளிலும் தேனீக்கள் பிழிந்துபோட்ட சக்கை மேல் மொய்த்தன. மூன்றாவது வண்டியின் சக்கையை அவை சட்டை செய்யவில்லை. வண்டிக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டின் வாசற்படியைக் கறுப்பாக மூடிக்கொண்டிருந்தன. புதுச் சாற்றை விட்டுவிட்டு அவற்றை இழுக்கிற கெட்டித் தித்திப்பு அந்தப் படியில் சிந்தியிருக்கவேண்டும்.

மூன்றாவது வண்டியில் நின்ற பெண் கையில் கரும்பு சீவும் கத்தி இருந்தது.

"ஜூஸ் வோணும்னா நில்லுங்கோ. வேற எதுனா வோணும்னா நடையக் கட்டுங்கோ."

"ஜூஸ்தான் வோணும்" என்றாள் அம்சவேணி. "ரெண்டு. உள்ள இருக்கிற உங்க வீட்டுக்காரருக்கும் சேத்து மூணு."

கத்தி பாதிக் கரும்பில் நின்றது. அவள் பெயர் ரூபா என்பதும், தமிழரசுவின் மனைவி என்பதும், அந்தக் கத்தியைப் பிடித்தபடியே பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டக்கூடியவள் என்பதும் அடுத்தடுத்துத் தெரியவந்தன. திட்டு முடிகிற நேரத்தில் தமிழரசு தானாகவே கதவைத் திறந்தான். இருபத்தெட்டு வயது. நாலு நாளாகத் தூங்காத கண்கள்.

"எங்கம்மாவ இன்னா பண்ணாங்க?" என்றான் முதலில்.

"கேட்டுல உக்கார வெச்சிருக்காங்க. அடிக்கல" என்றாள் அம்சவேணி.

அவன் ஒதுங்கி, அவர்களை உள்ளே வரவிட்டான்.

அறைக்குள் ஒரு பலகையில் பதினெட்டு சோடா பாட்டில்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்புப் பாகு. ஒவ்வொரு பாட்டில் வாயிலும் ஒரு பலூன் மாட்டியிருந்தது. சில தொங்கின. சில பாதி எழும்பியிருந்தன. கடைசி நாலும் உப்பி, நிமிர்ந்து நின்றன.

"லேப்புல மீட்டருங்க இருக்குது. அத்த என்னத் தொட வுடமாட்டாங்க" என்றான் தமிழரசு. "ஈஸ்ட் உயிரோட இருந்தா சக்கரையத் துன்னும், துன்னா காத்து வுடும். பலூன் எழும்பும். இதுக்கு மேல இன்னா மீட்டரு வோணும்?"

"இது படிக்கட்டுல விக்கிற பலூன்தானே?" என்றார் வேதாச்சலம். "என் பேரன் இத்த வெச்சிக்கினு அழ மட்டும்தான் செய்வான்."

பலகையின் மேல்தட்டில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. தமிழரசு அதைத் திறந்தான். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஊசி மருந்து பாட்டில்கள். எல்லாம் கழுவிச் சுத்தம் செய்தவை. எல்லாவற்றிலும் சாம்பல் நிற ரப்பர் மூடி.

அம்சவேணி அந்த மூடியைத் தொட்டாள். காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது சட்டென்று பிடிபட்டது.

"லேப்புல காணாமப்போன ட்யூப்புக்கு இன்னா மூடி?"

"பஞ்சு. அங்க எல்லாமே பஞ்சுதான். எனக்கு பஸ்ஸுல எடுத்தாரணும், பஞ்சு நனைஞ்சிடும். அதான் ஆஸ்பத்திரில போடற ஊசி பாட்டில் எடுத்து..."

"இந்த பாட்டில டாக்டர் பாத்திருக்காரா?"

"ஒரே ஒரு தபா காட்டினேன்."

அப்புறம் அவன் சொன்னான். ஆலையில் மொலாசஸ் தொட்டிக்கு அடியில் ஒரு கால்வாய். ஒழுகின பாகு அதில் தேங்கித் தார் மாதிரி கெட்டியாகக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுப்பது செல்லியம்மாவின் வேலை. ஒரு நாள் அவள்தான் மகனிடம் வந்து, அதில் ஒரு மூலை மட்டும் தண்ணீரே ஊற்றாமல் சோறு கொதிக்கிற மாதிரி கொதிக்கிறது என்று சொன்னாள். அவன் ஒரு கரண்டி அள்ளிவந்தான். இரண்டு வருஷம் பிரித்துப் பிரித்து, சாகிறதை விட்டு சாகாததை எடுத்து, மறுபடி இன்னும் கெட்டிப் பாகில் போட்டு, கடைசியில் நின்றது ஒரு ஈஸ்ட். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாளே அதற்குச் சிரஞ்சீவி ஏழு என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"ஃப்ரிட்ஜுல இருந்த மூணும் அவரு வளத்தது. சீக்கிரம் பெருகட்டும்னு லேசான சக்கரைத் தண்ணியிலயே வெச்சி வெச்சி வளத்தாரு. வாணாம் சார்னு சொன்னேன், கேக்கல. நோகாம வளந்தா அதுக்கு வித்தை மறந்துபூடும். போன மாசம் கெட்டிப் பாகுல வுட்டுப் பாத்தாரு. எல்லாம் சுருங்கிப் போச்சு. வெள்ளிக்கிழமை கூப்ட்டு, உன்னோட பாட்டில எடுத்துக்கினு வான்னாரு. பேப்பர்ல என் பேரும் போடுங்க சார், தரேன்னேன். சிரிச்சாரு. 'உன் பேரா? புனேகாரன் வாயில நொழையுமாடா அது?'ன்னாரு. நாளைக்குள்ள வரலேன்னா திருட்டுக் கேஸுன்னாரு. இங்க ஓடியாந்துட்டேன்."

வெளியே பக்கத்து வண்டியில் சாறு பிழியும் சக்கரத்தின் மணி கேட்டது.

"ட்யூபைத் தேடிக் குடுன்னு அந்த டாக்டர் என்ன அனுப்பல" என்றாள் அம்சவேணி மெதுவாக. "இவன்கிட்டேர்ந்து திருடிக்கினு வான்னு அனுப்பியிருக்கான்."

"எத்தினியோ பேரை டிக்கெட் இல்லாம புடிச்சிருக்கேன் மேடம்" என்றார் வேதாச்சலம். "டிக்கெட் இல்லாதவன் என்னையே செக்கிங்குக்கு அனுப்பினது இதான் மொத தபா."

அவருடைய பகடிக்கு வழக்கமாக ஒரு பாதிச் சிரிப்பாவது சிரிப்பாள் அம்சவேணி. இப்போது சிரிக்கவில்லை. கோபம் வந்தால் பல்லைக் கடிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. இது அந்தக் கோபமில்லை. சோற்றில் பல்லி கிடந்ததைப் பார்த்தது போல ஓர் அருவருப்பு.

"எனக்கு மூணு காலி பாட்டில் வோணும், ரப்பர் மூடியோட" என்றாள். "உன் ஈஸ்ட் ஒரு சோடா பாட்டில்ல தனியா வோணும். ரெண்டு பலூன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நீ ஆலைக்கு வரணும். வருவியா?"

தமிழரசு கதவோரம் நின்ற ரூபாவைப் பார்த்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வருவாரு. நானும் வரேன்" என்றாள்.

திரும்பும் வழியில் திருப்பதியில் ஒரு பேக்கரி வாசலில் அம்சவேணி இறங்கினாள். பத்து நிமிஷத்தில் மூன்று பாட்டில்களையும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை காலை மூன்று பாட்டில்களும் யஸ்வந்தின் மேஜை மேல் இருந்தன. டாக்டர் சிரஞ்சீவி அவற்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணில் ஈரமே இருந்தது.

"நூத்துக்கு நூறு. என் புள்ளைங்க."

"ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றாள் அம்சவேணி. "லேப்புல காணாமப்போன ஈஸ்ட் இதுதான்னு. நாளைக்கு வேற பேச்சு வரக்கூடாது பாருங்க."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே தன் பட்டங்களையும் வரிசையாகப் போட்டார். பட்டங்கள் வாக்கியத்தைவிட நீளமாக இருந்தன.

"அதே எடத்துல இதுவும் இருந்திச்சு." அவள் அழுக்குச் சோடா பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். "இன்னாதுன்னு தெரியல. கழுவி ஊத்திடட்டுமா?"

டாக்டர் மூக்கைச் சுளித்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. புனேக்காரர்களுக்கு முன்னால் ஒப்பிட்டுக் காட்டினால் எடுபடும் என்றார். பலூன் வைத்துச் செய்தால் பாமரனுக்கும் புரியும் என்று அம்சவேணி எடுத்துக் கொடுத்ததும், அது தனக்கே தோன்றியது போல யஸ்வந்த் கைதட்டினான். டாக்டர் தன் கையாலேயே இரண்டு பாட்டில்களில் கெட்டி மொலாசஸ் நிரப்பினார். ஒன்றில் 'தன் பிள்ளைகளை' விட்டுச் சிவப்பு பலூன் மாட்டி, 'சி.ஹெச். 7' என்று சீட்டு ஒட்டினார். இன்னொன்றில் சோடா பாட்டில் கலவையை விட்டு மஞ்சள் பலூன் மாட்டி, 'சாதா' என்று எழுதினார். இரண்டையும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை யஸ்வந்த் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"செல்லியம்மாவ வுட்டுடலாமா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"யாரு? ஓ, அவளா. வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றான் யஸ்வந்த். நாலு நாள் உட்கார வைத்ததை அவன் அதற்குள் மறந்தே போயிருந்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் புனேயிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி குல்கர்னி அம்மாள், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, அதிகம் பேசாத விஞ்ஞானி. யஸ்வந்த் ஆங்கிலத்தில் இருபது நிமிஷம் பேசினான். அதில் 'எதிர்காலம்' என்ற சொல் பதினாலு தடவை வந்தது என்று வேதாச்சலம் பிறகு சொன்னார். பேசிக்கொண்டே அலமாரிக்கு முன் தொங்கிய திரையை விலக்கினான்.

சிவப்பு பலூன் பாட்டிலின் கழுத்தில் ஈரத் துணி மாதிரி சரிந்து கிடந்தது. மஞ்சள் பலூன் உப்பி, அலமாரியின் மேல்தட்டை முட்டிக்கொண்டு நின்றது.

யஸ்வந்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

"சார், சாதாதான் ஸ்பெஷலா இருக்குது" என்றார் வேதாச்சலம்.

"மாத்திட்டாங்க!" என்று கத்தினார் டாக்டர். "இது சதி!"

"சாவி எங்க இருந்தது?" என்று கேட்டாள் அம்சவேணி. யஸ்வந்தின் கை தன்னையறியாமல் பாக்கெட்டுக்குப் போனது. "சீட்டு யார் கையெழுத்து?" டாக்டர் தன் எழுத்தையே குனிந்து பார்த்தார். "செகப்பு பாட்டில்ல இருக்கிறது ரொட்டிக்குப் போடற ஈஸ்ட். திருப்பதி பேக்கரில வாங்கினேன். நூத்துக்கு நூறு என் புள்ளைங்கன்னு கையெழுத்துப் போட்டவரு இவரு. இந்தாங்க."

காகிதத்தைக் குல்கர்னி அம்மாளிடம் நீட்டினாள். பிறகு, பஞ்சு அடைத்த ட்யூப்கள் காணாமல் போயிருக்க, ரப்பர் மூடியைத் திறக்காதே என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"காணாமப்போன பொருளுக்கு இல்லாத மூடி இவருக்கு எப்படித் தெரிஞ்சது? இவரு தேடச் சொன்னது தமிழரசோட பொருளை. உங்க மூணு ட்யூப் எங்க டாக்டர்?"

டாக்டர் சிரஞ்சீவி உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் ஆள் சின்னதாகிப் போனார்.

"போன மாசமே செத்துப்போச்சு" என்றார். "வெள்ளிக்கிழமை நான்தான் கழுவி ஊத்தினேன்."

குல்கர்னி அம்மாள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மஞ்சள் பலூன் யாருடையது?

தொட்டிக்கு அடியில் கால்வாயில் கிடந்த பாகிலிருந்து எடுத்து இரண்டு வருஷம் வளர்த்தவன் வெளியே நிற்கிறான் என்று சொல்லி, அம்சவேணி கதவைத் திறந்தாள். வராந்தாவில் தமிழரசும் ரூபாவும் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, கூட்டிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு, செல்லியம்மாவும்.

அடுத்த நிமிஷம் யஸ்வந்த் செய்ததை, வாழ்க்கையில் பல அற்பர்களைப் பார்த்திருந்த அம்சவேணியும் கொஞ்சம் வியந்துதான் பார்த்தாள். பாய்ந்துபோய்த் தமிழரசுவின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துவந்தான். "நம்ம பையன்! மொதல்லேர்ந்தே எனக்கு இவன்மேல நம்பிக்கை" என்று தமிழிலும், தெலுங்கிலும், ஆங்கிலத்திலும் சொன்னான். தமிழரசு அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டான். மேலே விழுந்த பூச்சியை எடுத்துப் போடுகிறவன் மாதிரி, அவசரமில்லாமல்.

யஸ்வந்தின் குரல் மாறியது.

"யாரு கண்டுபிடிச்சா என்ன? கம்பெனி ஆளு கண்டுபிடிச்சா கம்பெனி சொத்து."

"இவரு கம்பெனி ஆளுன்னு பேப்பர் இருக்கா?" என்றாள் அம்சவேணி. "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்?"

யஸ்வந்த் பின்னால் நின்ற ஆலை மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தரையைப் பார்த்தார். ஆர்டர் கொடுத்தால் பர்மனென்ட் கேட்பான் என்று ஆறு வருஷமாகத் தமிழரசுவைத் தினக்கூலியாகவே வைத்திருந்தார்கள். அவன் அங்கே வேலை செய்ததற்கே அத்தாட்சி கிடையாது.

"கால்வா என்னுதுதானே?" யஸ்வந்த் மேஜையைத் தட்டினான். "அங்கேர்ந்துதானே எடுத்தான்? நான் மறுபடி எடுப்பேன்! பத்து டாக்டரை வெச்சி எடுப்பேன்!"

"எந்தக் கால்வா சார்?" என்றாள் செல்லியம்மா வாசலிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"டேங்குக்கு அடியில இருக்கிறதா? நேத்து சாய்ங்காலம் பிளீச்சிங் பவுடர் கொட்டி, சுடுதண்ணி வுட்டு, கல்லு தெரியற வரைக்கும் தேச்சுட்டேனே. புனேலேர்ந்து வராங்க, ஒரு ஈ மொய்க்கக்கூடாதுன்னு உங்க மேனேஜர்தான் நின்னு வேலை வாங்கினாரு. நீங்க சொன்னீங்கன்னாரு."

குல்கர்னி அம்மாளுக்கு யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். அந்த அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். தன் முகவரிச் சீட்டை எடுத்துத் தமிழரசுவிடம் கொடுத்து, ஈஸ்ட்டோடு புனே வரமுடியுமா, அவன் பெயரிலேயே பதிவு செய்து சோதிக்கலாம் என்றாள். அவன் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவையே சரியாக வந்தது.

எல்லோரும் புறப்பட்டார்கள். டாக்டர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். யஸ்வந்த் அவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தான். அந்த இரண்டு பேரையும் ஓர் அறையில் விட்டுவிட்டுப் போவதைவிடப் பெரிய தண்டனை அம்சவேணிக்குத் தோன்றவில்லை.

செல்லியம்மா வராந்தாவில் சாய்த்து வைத்திருந்த நீட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

"ஏய், அது கம்பெனி பொருள்" என்றான் யஸ்வந்த், வாசலுக்கு வந்து. அன்றைக்கு அவன் கையில் மிஞ்சியிருந்த கடைசி அதிகாரம் அது.

"கம்பெனி குடுக்கிறது ஒரு வாரத்துல உதுந்துடும் சார்" என்றாள் செல்லியம்மா. "இது நானே கட்னது."

விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விருந்தாளிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்த முன்வாசல் வழியாக அவள் நடந்தாள். அதன் நுனி தன் கோட்டில் பட்டுவிடப்போகிறதே என்று யஸ்வந்த் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்.